கதவைச் சாத்திய பிறகு

பரீட்சைத் தாள் திருத்துகிற யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், ஒரே குறையைத்தான் சொல்வார்கள். பாத்திரத்தை ஆராய்ந்து எழுதச் சொன்னால் பிள்ளைகள் கதையைத் திருப்பிச் சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள். அவன் வந்தான், இவள் போனாள், கடைசியில் செத்தார்கள். பக்கம் நிறையும், மதிப்பெண் வராது. நீங்களும் காலையிலிருந்து அதைத்தான் கேட்கிறீர்கள் மேடம். என்ன நடந்தது, எப்போது நடந்தது, எத்தனை தடவை. செய்தவன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும். ஒரு பாத்திரம் சின்ன விஷயத்தில் எதைச் செய்கிறதோ, அதையேதான் பெரிய விஷயத்திலும் செய்யும். கல்லூரியில் என் முதல் வகுப்பே அதுதான்.

நீங்கள் உட்கார்ந்ததும் சொன்னீர்கள்: “சார், உங்க நோட்ஸ் படிச்சுத்தான் நான் பாஸே பண்ணினேன்.” எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படியானால் அந்த நாவலில் வரும் அண்ணனை உங்களுக்குத் தெரியும், என் வேலை பாதி முடிந்தது. பக்கத்தில் எழுதிக்கொண்டிருப்பவருக்காக மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பழைய நாவல். தாய் தகப்பன் போன வீடு. அண்ணன் தங்கையை ஆளாக்குகிறான், தனக்கென்று ஒரு கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை. ஒருநாள் அவளைப் பெண் கேட்டு ஒருவன் வருகிறான். அவள் நோயாளி, குடும்பத்துக்கு ஆக மாட்டாள் என்று அண்ணன் சொல்லி அனுப்பிவிடுகிறான். அவளுக்கு ஒரு தலைவலிகூடக் கிடையாது. அங்கே ஒரு வரி வரும்: கதவைச் சாத்திவிட்டு அவன் சிரித்தான். தங்கை அந்த வீட்டிலேயே இருந்து, அந்த வீட்டிலேயே சாகிறாள்.

அந்த ஒரு வரியில்தான் என் பிழைப்பே ஓடியது. அது வேதனையின் சிரிப்பு, அழக் கூடாது என்று நினைப்பவனின் சிரிப்பு, நாவலின் மையக்கருத்து தியாகம் என்று எழுதினேன். அதைத்தான் எல்லாரும் மனப்பாடம் செய்தார்கள். நீங்களும் செய்திருப்பீர்கள்.

எனக்கும் ஒரு தங்கை. இதை நான் மறைத்ததில்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பாப்பா என்று கூப்பிட்டேன், தலை நரைத்த பிறகும் பாப்பாதான். என் நோட்ஸ் முழுவதையும் தட்டச்சு செய்தது அவள்தான். நானும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அவளும் செய்துகொள்ளவில்லை. ஒரு சமயம் என் புத்தகத்துக்குப் பிழை திருத்த வந்தவர் அவளைப் பற்றி என்னிடம் பேச்செடுத்தார். அவளுக்கு அதிலெல்லாம் நாட்டமில்லை என்று சொல்லி அனுப்பினேன். அவளைக் கேட்டீர்களா என்று கேட்காதீர்கள். வளர்த்தவனுக்குத் தெரியாதா? எங்கள் தெருவில் விசாரித்துப் பாருங்கள், கண்ணை இமை காப்பதுபோல் காத்தான் என்றுதான் சொல்வார்கள்.

பாப்பாவின் கண்ணில் அழுத்தம் இருப்பது கண்ணாடி மாற்றப் போன இடத்தில் தெரிந்தது. கண் டாக்டர் நல்ல மாதிரி, எதையும் பூசி மெழுகாமல் சொன்னார். “இது திருட்டு வியாதி சார். வலிக்காது. ஓரத்துலேருந்து பார்வையத் தின்னுக்கிட்டே வரும். போனது போனதுதான், திரும்ப வராது. ஆனா சொட்டு மருந்த விடாம போட்டா, இருக்கறது இருக்கும்.” பாப்பாவுக்குக் கை நடுங்கும். அவளே போட்டால் மருந்து கன்னத்தில்தான் வழியும். அதனால் தினமும் மாலையில் அவள் சாய்வு நாற்காலியில் தலையைச் சாய்த்துக்கொள்வாள், நான் போட்டுவிடுவேன். எரியும். “ஸ்ஸ், அண்ணா” என்று காலை உதறுவாள், பிறகு அவளே சிரித்துவிடுவாள். ஒருநாள் தவறியதில்லை, அந்தக் கூட்டம் நடக்கும்வரை.

நூலகத்தில் வாசகர் கூட்டம் நடத்துவார்கள். நூலகர் அம்மாவுக்குப் பாப்பா மேல் தனிப் பிரியம். “நீ எத்தனை நாளைக்குப் பின்வரிசையிலயே உக்காந்திருப்பே, ஒருநாள் பேசேன்” என்று பிடுங்கி எடுத்து, கடைசியில் மேடையேற்றிவிட்டார். அந்த நாவலைப் பற்றித்தான் பேச்சு. நான் முன்வரிசையில் இருந்தேன். அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன், எனக்கு மறக்காது.

“சிரிச்சான்னு எழுதியிருக்கு. அழுதான்னு எழுதணும்னா எழுதினவருக்குத் தெரியாதா? அவன நல்லவனாக்கணும்னு நாமதான் இத்தனை வருஷமா படாத பாடு படறோம். அவ போயிட்டா அவனுக்கு யாரும் இல்ல. பயம். அந்தப் பயத்துக்குத் தியாகம்னு பேர் வச்சுக்கிட்டான். அவ்வளவுதான்.”

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கூட்டத்துக்கு வந்திருந்த பதிப்பாளர் அந்த நாவலைப் புதிதாக அச்சிடப் போவதாகவும், முன்னுரையைப் பாப்பா எழுத வேண்டும் என்றும் அங்கேயே கேட்டுவிட்டார். பழைய பதிப்பில் இருந்த முன்னுரை என்னுடையது. வீட்டுக்கு நடந்து வரும்போது பாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, “கோவமாண்ணா?” என்றாள். “சீச்சீ, எனக்கென்ன கோவம். நல்லாப் பேசினே” என்றேன்.

பொறாமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அவள் அவசரப்பட்டு முன்னுரையை எழுதிவிடக் கூடாதே என்ற கவலை மட்டும்தான் எனக்கு. தவறான வாசிப்பு அச்சில் ஏறிவிட்டால் கல்லில் எழுதியதுபோல, அழிக்க முடியாது. இன்னும் நாலு முறை நிதானமாகப் படித்துப் பார்த்தால் அவளே மாற்றிக்கொள்வாள் என்று நம்பினேன்.

முதல் தடவை நடந்தது மறதி. மருந்து தீர்ந்திருந்தது, வாங்க மறந்துவிட்டேன். அவள் கண்ணை அகலத் திறந்து காத்திருக்கிறாள். வெறும் கையோடு போய் நிற்க மனம் வரவில்லை. காய்ச்சி ஆறிய தண்ணீரைக் காலிப் புட்டியில் விட்டுக் குலுக்கி எடுத்துப் போனேன். இரண்டு சொட்டு விட்டதும், “இன்னிக்கு எரியவே இல்லண்ணா” என்று ஆச்சரியப்பட்டாள். “கம்பெனிய மாத்தியிருக்கேன்” என்றேன். “அப்பாடா, இதையே வாங்குங்க” என்றாள்.

மறுநாள் மருந்து வாங்கி வந்தேன். அது என் மேசை இழுப்பறையில் இருந்தது. தண்ணீர்ப் புட்டி அவள் அலமாரியில் இருந்தது. டாக்டரிடம் பரிசோதனைக்குப் போகும் வாரம் மட்டும் இழுப்பறையில் இருந்ததைப் போட்டுவிடுவேன். அழுத்தத்தை அளந்து பார்த்துவிட்டு டாக்டர், “அழுத்தம் சரியாத்தான் இருக்கு, பார்வை மட்டும் ஏன் இப்படிக் குறையுதுன்னு புரியலையே” என்று கவலைப்படுவார். எனக்கும் கவலையாகத்தான் இருந்தது. அழைத்துக்கொண்டு போனவன் நான், கைக்குட்டையை நீட்டியவன் நான், வீடு வரைக்கும் தோளைப் பிடித்து நடத்தி வந்தவனும் நான்தான்.

முதலில் வரிகளின் ஓரம் அவளுக்குத் தெரியாமல் போனது. பிறகு பக்கத்தின் பாதி. வாசற்படியில் இடறினாள், வழியில் இருந்த நாற்காலியில் மோதி முழங்காலை உடைத்துக்கொண்டாள். முன்னுரை நின்றுபோயிற்று. ஒருநாள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, “நீங்களே படிச்சுக் காட்டறீங்களாண்ணா?” என்று கேட்டாள். குரல் உடைந்துவிட்டது பாவம். நான் கண்ணாடியை எடுத்து வருகிறேன் என்று சொல்லி என் அறைக்குப் போனேன். அப்போது உங்கள் முகம் எப்படி இருந்தது என்று காலையில் கேட்டீர்கள். கதவைச் சாத்தியிருந்தேன், அறையில் நிலைக்கண்ணாடி கிடையாது. என் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

அந்த மாதங்கள்தான் எங்கள் வீட்டின் நல்ல காலம் என்பேன். மாலையில் மருந்து, அதன் பிறகு வாசிப்பு. அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்படித்தான் கேட்பாள். பெண் கேட்டு வரும் அத்தியாயம் வந்தது. நான் வாசித்தேன்: கதவைச் சாத்திவிட்டு அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“அந்த வரிய இன்னொரு தடவை படிங்க” என்றாள். படித்தேன், அதே மாதிரி. “சரிண்ணா, போங்க மேல” என்றாள். நானும் மேலே படித்துக்கொண்டு போனேன். அத்தனை நோட்ஸிலும் அந்த வரியைத் தட்டச்சு செய்த விரல்கள் அவளுடையவை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. யானைக்கும் அடி சறுக்கும்.

நான் கல்லூரிக்குப் போன நேரத்தில் நூலகர் அம்மாவை வரவழைத்து அந்தப் பக்கத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். என்னிடம் மூச்சு விடவில்லை. வழக்கம்போல் மாலையில் தலையைச் சாய்த்தாள், வழக்கம்போல் கேட்டுக்கொண்டிருந்தாள். பரிசோதனை வாரம் வந்தது. எரிந்தபோது காலை உதறவில்லை, “ஸ்ஸ்” என்றுகூடச் சொல்லவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

டாக்டர் அறையில், கைப்பையைத் துழாவி அலமாரிப் புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். “டாக்டர், உங்ககிட்ட வர்ற வாரம் மட்டும்தான் மருந்து எரியுது. மத்த நாளெல்லாம் எரியறதே இல்ல. இதுல என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க.” டாக்டர் என்னைப் பார்த்தார். பாப்பா நான் உட்கார்ந்திருந்த இடத்தைத் தேடி முகத்தைத் திருப்பினாள். கொஞ்சம் தள்ளி, சுவரைப் பார்த்தபடிதான் பேசினாள்.

“நீங்க சொல்லிக்கொடுத்ததுதாண்ணா. சின்ன விஷயத்துல செய்யறதையேதான் பெரிய விஷயத்துலயும் செய்வாங்க. புத்தகத்தையே மாத்திப் படிக்கறவரு, புட்டிய மாத்த மாட்டாரான்னு தோணிச்சு.”

டாக்டர், “அய்யோ, என்ன சார் இது” என்று எழுந்துவிட்டார். எனக்கு, உண்மையைச் சொன்னால், பெருமையாக இருந்தது. என்னிடம் படித்தவர்களில் ஒருவர்கூட அந்த விதியை அவ்வளவு கச்சிதமாகப் பொருத்திக் காட்டியதில்லை. அவள் அழுதாள். ஏன் அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை, ஆனால் கைக்குட்டையை எடுத்து நீட்டினேன். அவளுக்கு அது தெரியவில்லை, அதனால் வாங்கிக்கொள்ளவில்லை.

இப்போது நூலகர் அம்மா வீட்டில் இருக்கிறாள் என்றும், வலது கண் முழுவதும் போய்விட்டது, இடது கண்ணில் சாவித் துவாரம் அளவுக்கு வெளிச்சம் மிச்சம் என்றும் சொன்னீர்கள். அவள் சொல்லச் சொல்ல நூலகர் அம்மா எழுதி முன்னுரை முடிந்துவிட்டதாம். அதை அச்சுக்கு அனுப்பும் முன் யாராவது ஒருமுறை பார்ப்பது நல்லது.

சரி, உங்களுக்கு வேண்டியதை உங்களுக்கு வேண்டிய விதமாகவே சொல்லிவிடுகிறேன். மருந்துக்குப் பதில் தண்ணீர் விட்டேன். முதல் நாளைத் தவிர எல்லா நாளும் தெரிந்தே விட்டேன். பார்வை போகும், போனது திரும்பாது என்று தெரிந்தே விட்டேன். கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

இந்த வாக்குமூலத்தைப் பாப்பாவுக்கும் வாசித்துக் காட்ட வேண்டும் என்கிறீர்கள். நியாயம்தான், கேட்க அவளுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அதற்கு வேறு யாரையும் அனுப்பாதீர்கள் மேடம். அவளுக்கு எப்படி வாசித்தால் பிடிக்கும் என்று எனக்குத்தான் தெரியும். நானே வாசிக்கிறேன், அவள் மனசு நோகாமல் ஓரிரு வரியை மட்டும் மாற்றிக்கொள்கிறேன்.