ஒரே பேருல ரெண்டு ரூம்

— ரிப்பேர்காரரே, உங்களை நம்பித்தானே காளான் ரூமுக்குள்ள விட்டேன்? நேத்து போன்ல தண்ணி பட்டனை யாருமே தொடல. தானா தண்ணி பீச்சி அடிச்சு பாதிக் காளான் அழுகிப்போச்சு. என்ன பண்ணி வெச்சீங்க?

— அக்கா, கோவிச்சுக்காதீங்க. முதல்ல உங்க போனைப் பாருங்க. ரூம் சூடு எவ்வளவு காட்டுது?

— இருபத்திமூணு.

— கொஞ்சம் பொறுங்க. இப்ப?

— முப்பது! அட, மறுபடியும் இருபத்திமூணு. என்ன இது, பேய் பிடிச்ச மாதிரி?

— பேயும் இல்ல, பிசாசும் இல்ல. ரூமுக்குத் தண்ணியும் காத்தும் விடுற இந்தச் சின்ன கம்ப்யூட்டருக்கு உயிரே உள்ள இருக்கிற மெமரி கார்டுதான். அதோட நகலை யாரோ வேற ஒரு கம்ப்யூட்டர்ல சொருகி ஓட்டுறாங்க. ரெண்டுக்கும் பேரும் ஒண்ணு, பாஸ்வேர்டும் ஒண்ணு. அதான் ரெண்டு ரூமும் மாத்தி மாத்தி உங்க போன்ல பேசுது. அங்க எவனாவது பட்டனைத் தட்டினா இங்கயும் தண்ணி கொட்டும்.

— நகல் எடுக்கத் தெரிஞ்ச ஆளுன்னு இந்த வீட்டுக்கு நீங்க ஒருத்தர்தான் வர்றீங்க.

— எடுத்தேன், இல்லைங்கல. கார்டு எப்ப வேணா செத்துப்போகும், மாத்துக்கு ஒண்ணு இருக்கட்டும்னு உங்க கையிலதானே குடுத்தேன்? எடுத்தது நான், பூட்டினது நீங்க.

— ஆமா, பீரோவுல வெச்சேன், சின்ன டப்பாவுல. இருங்க, கொண்டு வந்து உங்க கண்ணு முன்னாடியே திறக்கிறேன்.

— நல்லாத் திறங்க.

— ஐயையோ. காலியா இருக்கு.

— பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இப்பவாவது என்னைத் திருடன் மாதிரி பாக்கிறதை விடுங்க.

— தெரிஞ்சுபோச்சு. இது என் கொழுந்தன் வேலை. கூட்டுத் தொழில்ல நான் அதிகாரம் பண்றேன்னு சண்டை போட்டுட்டுப் போனான் பாருங்க, துணிமணி எடுக்க வந்தப்ப கார்டைச் சுருட்டியிருக்கான். எந்த நேரத்துக்கு எவ்வளவு ஈரம், எவ்வளவு காத்துன்னு நான் நட்டப்பட்டு நட்டப்பட்டு கத்துக்கிட்டதெல்லாம் அந்தக் கார்டுக்குள்ள இருக்கு. வயிறு எரியுது.

— பீரோ சாவி யார்கிட்ட இருக்கு?

— ஒண்ணு என் இடுப்புல. இன்னொண்ணு என் வீட்டுக்காரர்கிட்ட. அவரை இழுக்காதீங்க, அது வாயில்லாப் பூச்சி. இனி தன் தம்பி மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணின மனுஷன்.

— நான் ஒண்ணும் சொல்லலையே. இங்க பாருங்க, இது கெட்ட காத்தோட அளவு. ஆள் உள்ள நின்னு மூச்சு விட்டா ஏறும். முப்பது காட்டுற ரூம்ல இப்ப விறுவிறுன்னு ஏறுது.

— அப்ப உள்ளதான் நிக்கிறானா? இங்க அமுக்கினா அங்கயும் தண்ணி கொட்டுமில்ல?

— கொட்டும். ஆனா இங்கயும்...

— இங்க மோட்டார் ப்ளக்கைப் பிடுங்குங்க.

— பிடுங்கிட்டேன். வேண்டாம்க்கா. கார்டுல பேரையும் பாஸ்வேர்டையும் மாத்திக் குடுத்துடறேன், விஷயம் முடிஞ்சுது.

— அது அப்புறம் முடியட்டும். உங்க போனைக் குடுங்க, வீட்டுக்காரரைக் கூப்பிடுறேன். அருமைத் தம்பியோட லட்சணத்தை அவரும் தெரிஞ்சுக்கட்டும். ஹலோ, ஏங்க, எங்க இருக்கீங்க?

— அதாவது... பேங்க்ல. வரிசையில நிக்கிறேன்மா. யாரோட நம்பர் இது?

— ரிப்பேர்காரரோடது. உங்க தம்பி நம்ம கார்டைத் திருடிட்டுப் போய் தனியா காளான் ரூம் போட்டிருக்கான்.

— சேச்சே. அதாவது, அவன் அப்படிப்பட்டவன் இல்லம்மா. ஏன் எப்பப் பாத்தாலும் எல்லாரையும் சந்தேகப்படுற?

— சந்தேகம் இல்லங்க, கையும் களவுமாப் பிடிச்சாச்சு. அந்த ரூமுக்குள்ளதான் இப்ப நிக்கிறான். லைன்லயே இருங்க, அவனைக் குளிப்பாட்டிட்டு வந்து பேசுறேன். இதோ, பட்டனை அமுக்கிட்டேன்.

— எந்தப் பட்டனை... ஐயோ! டேய் தம்பி, தண்ணியை நிறுத்துடா! சட்டையெல்லாம் போச்சு!

— ஏங்க, பேங்குக்குள்ள மழை பெய்யுதா?