ஏழாவது குரோமோசோமில் ஒரு மேடு

எலிகளுக்கு என்னைப் பிடிக்கும் ஐயா. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆய்வுக்கூடத்தில் தீனி போடுவது என் வேலை. ஆராய்ச்சி செய்தவள் அக்கா. கூடப் பிறக்காத அக்கா. கொழுத்த எலியையும் ஒல்லி எலியையும் இணைசேர்த்துப் பேரப்பிள்ளைகள் வரை பெருக்குவாள். குரோமோசோமின் எந்தத் துண்டு கொழுத்த தாத்தாவிடமிருந்து வந்தது என்று ஒவ்வொரு பேரனுக்கும் பார்ப்பாள். பிறகு எடை போடுவாள். ஒரு துண்டை வைத்திருப்பவை மற்றவற்றைவிடக் கனத்தால், கணினிப் படத்தில் அந்த இடத்தில் மேடு எழும்பும். படத்தின் குறுக்கே போகும் சிவப்புக் கோட்டை அது தாண்டினால் எடையை ஏற்றும் மரபணு அங்கே இருக்கிறது. தாண்டாவிட்டால் வெறும் தற்செயல்.

அக்காவின் மேடு தாண்டவில்லை.

"ஏழாவதுல கொஞ்சம் தலையைத் தூக்குது, அப்புறம் படுத்துக்குது. இந்தத் தடவையும் இல்லேன்னா மூட்டை கட்ட வேண்டியதுதான் தம்பி."

"எலி என்னக்கா பண்ணும்? திங்குது, தூங்குது."

"உன்ன மாதிரின்னு சொல்லு."

நானும் புள்ளியியலைப் பாதியில் விட்டவன்தான். கூண்டு அட்டையைப் பார்த்து, ஏழாவதில் தாத்தாவின் துண்டு இருந்தவற்றுக்கு மட்டும் ஒரு பிடி வேர்க்கடலை கூடப் போட்டேன். மேடு கோட்டைத் தாண்டிக் குதித்தது. அக்கா அழுதாள். எண்களை நான் தொடவேயில்லை.

அந்த மரபணுவை அடக்க மாத்திரை வந்தது. ஆட்களை விடுதியில் தங்கவைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். "உன் கை ராசியான கை தம்பி" என்று அக்கா என்னை விடுதிச் சமையலறையில் சேர்த்தாள். யாருக்கு நிஜ மாத்திரை, யாருக்குப் போலி என்பது ரகசியம். ஆனால் நிஜம் கசக்கும். விழுங்கியவர்கள் இன்னொரு தம்ளர் தண்ணீர் கேட்பார்கள்.

ஒருவரும் இளைக்கவில்லை. அக்கா சாப்பிடாமல் கிடந்தாள். பார்க்கச் சகிக்கவில்லை. தண்ணீர் கேட்டவர்களுக்குக் கரண்டியைக் குறைத்தேன்.

"வயிறு கிள்ளுதுப்பா, இன்னொரு கரண்டி போடேன்" என்பார் லாரி டிரைவர்.

"மாத்திரை வேலை செய்யுதுண்ணே."

"அப்படியா? அப்போ சரி." வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சிரிப்பார். நல்ல மனிதர். சர்க்கரை நோய்க்கும் அவர் மாத்திரை விழுங்குகிறார், அரை வயிற்றில் அது ஆளைச் சாய்த்துவிடும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாது என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஒரு சந்தேகம் ஐயா. அவர் உடலைத் தூக்கிக்கொண்டு போகும்போது எடை போட்டீர்களா? நன்றாக இளைத்திருந்தார். கணக்கில் அந்தப் புள்ளி விடுபட்டால் அக்கா பாவம்.