கோமுஸ் தந்தி

பெக்தூர்: மெதுவா... கதவை மெதுவா சாத்து, நடை முழுக்க எதிரொலிக்குது! இப்பத்தான் கண்ணை மூடினா.

சைக்கல்: முதல்ல என் பொண்ணைக் குடு.

பெக்தூர்: தூங்கற குழந்தையை எழுப்பவா? நல்லா இருக்கே! பரீட்சை என்னாச்சு, அதைச் சொல்லு.

சைக்கல்: அல்தினை அழுதாளா?

பெக்தூர்: ராணி மாதிரி இருந்தா. பேச்சை மாத்தாத. அஞ்சுக்கு அஞ்சு வந்துதா இல்லையா? அஞ்சு வாங்கினவங்களைத்தான் பேராசிரியை கெமெலோவா முதுகலைக்கு எடுத்துக்குவா.

சைக்கல்: அவசரப்படாத. மேசை முழுக்கக் கேள்விச் சீட்டைக் கவுத்து வச்சிருந்தா. கண்ணை மூடிட்டு ஒண்ணை எடுத்தேன். ஒரு கேள்வி அலைச் சமன்பாடு, ஒரு கேள்வி வெப்பச் சமன்பாடு.

பெக்தூர்: எல்லாச் சீட்டும் அப்படித்தான்.

சைக்கல்: எனக்குத்தானே அலைன்னா பயம்! வெள்ளிக்கிழமை அலை வகுப்புக்கு நீ போயிடுவ, நான் இவ துணியை அலசிக்கிட்டு இருப்பேன். நீ வந்து அடுப்படியில சொல்லிக் குடுத்ததுதான் எனக்கு அலை.

பெக்தூர்: செவ்வாய்க்கிழமை மட்டும்? நீ வெப்பம் படிக்கப் போவ, துணி என் தலையில. சரி... அலையில கோட்டை விட்டுட்டியா?

சைக்கல்: நானா? கடகடன்னு சொன்னேன். ரெண்டு முனையும் கட்டின தந்தி, முனையில அசையாது, நடுவுல ஆடும்... கெமெலோவா பேனாவைக் கீழ வச்சுட்டுக் கேட்டா!

பெக்தூர்: அடி சக்கை!

சைக்கல்: மாட்டினது என் வெப்பத்துலதான்.

பெக்தூர்: உன் வெப்பத்துலயா?

சைக்கல்: ஒரு கம்பி. முனையைச் சூடு போகாதபடி மூடியிருக்கு. அந்த எல்லையில என்ன நிபந்தனைன்னு கேட்டா. 'வெப்பநிலை பூச்சியம்'னு உளறிட்டேன்.

பெக்தூர்: ஐயோ!

சைக்கல்: என்ன, உன் ஐயோ அடிவயித்துலேர்ந்து வருது?

பெக்தூர்: சும்மாதான்... அப்புறம்?

சைக்கல்: 'நிச்சயமா?'ன்னா. அப்ப உன் கூத்து ஞாபகம் வந்துது. நரின் ஊர்லேர்ந்து உங்கம்மா அனுப்பின கம்பளத்தை நேத்து சாயங்காலம் சுவத்துல மாட்டினியே...

பெக்தூர்: குளிர் அடிச்சுது. மாட்டினேன்.

சைக்கல்: மாட்டிட்டுச் சும்மா இருந்தியா? 'கை வச்சுப் பாரு, சில்லுன்னு இருக்கா?'ன்னு என் உயிரை வாங்கினியே! அது சில்லுன்னு இல்ல. சூடு அதைத் தாண்டி வெளிய போகாது, அவ்வளவுதான். 'வெப்பநிலை இல்லைங்க, அதோட வகைக்கெழுதான் அங்க பூச்சியம்'னு சட்டுன்னு மாத்திச் சொல்லிட்டேன்.

பெக்தூர்: சிங்கம்டி நீ! சரி, எத்தனை போட்டா?

சைக்கல்: சொல்றேன், சொல்றேன். அடுத்து உன் முறைதானே? உள்ள போ.

பெக்தூர்: இவ தூங்கறாளே...

சைக்கல்: நான் வச்சுக்கறேன்.

பெக்தூர்: வயிறு வேற ஒரு மாதிரி... காலையில குடிச்ச டீ...

சைக்கல்: ஓஹோ. கெமெலோவா கடைசியா ஒண்ணு கேட்டா. 'உனக்கு அலை சொல்லிக் குடுத்தது யாரு?'ன்னு.

பெக்தூர்: அது... எதுக்கு?

சைக்கல்: நான் வெறும் தந்தின்னு சொல்லவே இல்லையாம். வார்த்தைக்கு வார்த்தை 'கோமுஸ் தந்தி'ன்னேனாம். நீ உன் கோமுஸ் வாத்தியத்தை மீட்டற மாதிரி விரலை ஆட்டி அப்படித்தானே சொல்லுவ? 'பாடப் புத்தகத்துல கோமுஸ் கிடையாதும்மா. நேத்து வேற பிரிவோட வந்த ஒரு பையனும் கோமுஸ் தந்தின்னுதான் ஆரம்பிச்சான்'னா.

பெக்தூர்: இரு, இவ போர்வை விலகியிருக்கு...

சைக்கல்: நேத்து எங்க போறேன்னு சொன்ன?

பெக்தூர்: ரொட்டிக் கடைக்கு... மாவு மூட்டை இறக்க...

சைக்கல்: இஸ்திரி போட்ட சட்டையில!

பெக்தூர்: சரி, விடு. இன்னிக்கு ரெண்டு பேரும் பரீட்சைன்னு நின்னா இவளை யாரு பாக்கறது? அதான் ஆபீஸ்ல கேட்டுக்கிட்டு நேத்தே முடிச்சுட்டேன்.

சைக்கல்: வந்து சொன்னா என்னவாம்?

பெக்தூர்: நாலுடி எனக்கு. எனக்கே நாலுன்னா நீ கலங்கிடுவ. 'பிள்ளை பெத்தவளுக்கு எதுக்குப் பகுதி வகைக்கெழுச் சமன்பாடு?'ன்னு விடுதியில கேட்டாங்களே... அவங்க முன்னாடி நீ நிமிந்து நடக்கணும்.

சைக்கல்: அந்த ஒண்ணை எங்க விட்ட?

பெக்தூர்: எங்க விடுவேன்? மூடின முனையிலதான். பூச்சியம்னு அடிச்சுச் சொன்னேன், மாத்தவே இல்ல. நீயும் அங்க வழுக்கிடுவியோன்னு பயம். வாய்விட்டுச் சொல்லிட்டா அது உன் மார்க்கா இருக்காதே... அதான் கம்பளம். போதுமா? இப்ப நீ சொல்லு, உனக்கு எத்தனை?

சைக்கல்: அஞ்சு. அதுல ஒண்ணு உன்னுது... நேத்து உள்ள விட்டுட்டு வந்தியே, எடுத்துட்டு வந்திருக்கேன்.