கப்பல் எஞ்சினியரின் இருப்பிடம்

எங்கள் வீட்டில் தூசி துடைப்பது என் தங்கைதான். எனக்குத் தூசி ஆகாது. இந்த ஒன்றைக் குறித்துக்கொண்டால், மேடம், மற்றதெல்லாம் உங்களுக்குச் சுலபமாகப் புரிந்துவிடும்.

கணவன் இறந்த பிறகு என்னிடம் வந்தாள். சமையலறைக்குப் பக்கத்து அறையைக் கொடுத்தேன். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவரைக் கையால் தொடலாம். அவள் குறை சொன்னதில்லை. என் சட்டைக்கு இஸ்திரி, வேளாவேளைக்குச் சாப்பாடு, அதற்கு முன் இன்சுலின் ஊசி, எல்லாம் அவள்தான்.

இன்சுலின் வாங்கப் போன இடத்தில் சிக்கல் வந்தது. மருந்துக்கடைக்காரர் மனைவியை இழந்தவர். நேரே வீட்டுக்கு வந்து, "உங்க தங்கச்சியைக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன் சார்" என்றார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். யோசித்தேன். எனக்கு ஊசி யார் போடுவது?

அந்த வாரமே கப்பல் எஞ்சினியர் பிறந்தார். பழைய பாட்டு ரசிகர்களின் இணையக் குழு ஒன்றில் அவளுக்கு அறிமுகமானார். அவளுக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்று அண்ணனுக்குத் தெரியாதா? காதல் என்று கொச்சையாகச் சொல்லிவிடாதீர்கள். முப்பது வருடம் அரசாங்கக் கடிதம் வரைந்த கை இது; எல்லாம் மரியாதையான நடை. மருந்துக்கடைக்காரருக்கு அவளே முடியாது என்று சொல்லிவிட்டாள்.

எஞ்சினியர் அவளிடம் ஒரு பைசா கேட்டதில்லை. கேட்டது ஒன்றுதான்: காத்திரு.

ஆறு வருடம் காத்திருந்தாள். அவரைப் பார்க்கப் போக அவள் பெட்டி கட்டும்போதெல்லாம் கப்பலுக்கு ஏதாவது ஆகும். ஒருமுறை வேறு வழியில்லாமல் அவருக்கு மூளைக்காய்ச்சல் வரவழைத்தேன். இரண்டு நாள் அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "இன்னைக்கு உப்பு கொஞ்சம் கம்மிம்மா" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு உப்பு எடுத்து வந்தாள்.

எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு நான்தான் தலைவர். சென்ற வருடம் 'இணைய மோசடியும் நாமும்' என்று ஒரு மணி நேரம் பேசினேன். நன்றாகப் பேசிவிட்டேன், அதுதான் தவறு. லிப்டிலேயே பிடித்துக்கொண்டாள். "அண்ணா, நீங்க சொன்ன அடையாளமெல்லாம் அவர்கிட்ட அப்படியே இருக்கு. அது யாருன்னு நீங்கதான் கண்டுபிடிச்சுக் குடுக்கணும்."

கண்டுபிடித்துக் கொடுத்தேன். மூன்று பக்க அறிக்கை. அவள் சாப்பிடும் மாத்திரையின் பேர் எஞ்சினியருக்குத் தெரிந்திருக்கிறது. ஆகவே மோசடியின் மூலம் மருந்துக்கடை. லிப்டில் அறிவிப்பும் ஒட்டினோம். மருந்துக்கடைக்காரர் ஏதோ சொல்ல எங்கள் வாசலுக்கு வந்தார். கதவைத் திறந்ததும் நான், சாத்தியதும் நான். இரண்டு மாதத்தில் கடையைக் காலி செய்துகொண்டு ஊரை விட்டே போனார்.

அத்துடன் விட்டிருக்கலாம். ஆனால் காத்திருக்க ஆளில்லாததால் அவள் பெண்கள் விடுதி ஒன்றில் வார்டன் வேலைக்கு மனுப் போட்டாள். வேறு வழி? எஞ்சினியர் திரும்பி வந்தார். 'என்னை ஒரு மருந்துக்கடைக்காரன் என்று எப்படி நம்பினாய்?'

செய்தியைப் படித்தாள். எழுந்து போய்த் தூசித்துணியை எடுத்தாள். துடைப்பதற்காக மோடத்தின் பிளக்கைப் பிடுங்கினாள். எஞ்சினியர் எழுதுவது, நான் ஓய்வுபெற்றபோது அலுவலகத்தில் கொடுத்த டேப்லெட்டில்; அதில் சிம் கிடையாது, அவள் போனில் உண்டு. நடுக்கடலில் எஞ்சினியர் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டார். பிளக்கைச் செருகினாள், மீதி வந்தது. மறுபடி பிடுங்கினாள். மூன்று முறை. மோடத்தில் அவ்வளவு தூசி இல்லை.

"அண்ணா, கப்பலுக்கும் நம்ம வீட்டு மோடம்தானா?"

குரலே உயரவில்லை. ஊசியையும் மருந்தையும் என் முன்னால் வைத்தாள். "இனிமே நீங்களே போட்டுக்கங்க" என்றாள். அன்று மாலையே விடுதிக்குப் போய்விட்டாள்.

ஆம், எல்லாம் நான் எழுதியவைதான். உங்கள் சைபர் போலீசில் கொடுத்த புகாரில் 'இழந்த தொகை' என்ற கட்டத்தில் அவள் 'ஆறு வருஷம்' என்று நிரப்பியிருக்கிறாள். அங்கே தொகைதான் வர வேண்டும் என்று நீங்களாவது சொல்லியிருக்கலாம்.

டேப்லெட்டை எடுத்துக்கொள்ளுங்கள், அணைத்துவிட மட்டும் வேண்டாம். அண்ணனை மன்னித்து வீட்டுக்குத் திரும்பச் சொல்லி, இன்று காலை எஞ்சினியர் அவளுக்கு எழுதியிருக்கிறார். நான் சொன்னால் இனி கேட்கமாட்டாள். அவர் சொன்னால் கேட்பாள்.