எண்பதடிக் கிணற்றில் மாமா இறங்கிய நாள்

எனக்கு வயது நாற்பத்து நான்கு. தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்வீட்டில் குடியிருக்கிறேன். ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி வைத்துத் தொழில் செய்து வருகிறேன். போர்க்காரர் என்று கேட்டால்தான் என்னைத் தெரியும். இறந்துபோனவர் என் உடன்பிறந்த அக்காவின் கணவர். அவருடைய தோட்டம் குளிர்பான ஆலையின் மதிலை ஒட்டி இருக்கிறது.

அந்த ஆலைக்கு ஐந்து வருடங்களுக்கு முன்பு மூன்று ஆழ்துளைக் கிணறுகளை நான்தான் போட்டுக் கொடுத்தேன். எதுவும் ஆயிரம் அடிக்குக் குறையாது. அதன் பிறகு சுற்றியுள்ள வீட்டுக்காரர்களும் தோட்டக்காரர்களும் ஒருவரைப் பார்த்து ஒருவர் போட்டார்கள். பெரும்பாலும் என் வண்டிதான் போனது. "மாப்ளே, நீ போடற போடுல பாதாளத்துல இருக்கறவன் மண்டையில இடிக்கப் போகுது" என்று மாமா கேலி செய்வார். அதன் பிறகு அவருடைய எண்பதடிக் கிணற்றில் தண்ணீர் வருடா வருடம் கீழே இறங்கியது. இந்த வருடம் அவர் நிலத்தில் இரண்டு இடங்களில் துளைத்துப் பார்த்தேன். இரண்டிலும் புழுதிதான் பறந்தது. இதெல்லாம் இந்த விசாரணைக்கு எதற்கு என்று வாக்குமூலம் எழுதும் போலீஸ் அதிகாரி கேட்டார். எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மாமா கூப்பிட்டதன் பேரில் தோட்டத்துக்குப் போனேன். தக்காளி பூவெடுத்திருந்தது. கிணற்றின் அடியில் முழங்கால் அளவு தண்ணீர் கிடந்தது. மேலே வைத்தால் தண்ணீரை இழுக்காது என்பதால் டீசல் பம்ப் இன்ஜினைக் கயிறு கட்டி, அறுபதடியில் இருந்த பாறைத் திட்டில் இறக்க வேண்டும் என்றார். உள்ளே புகை தங்கிவிடும், வேண்டாம் என்று சொன்னேன். "இந்த ஒரு தண்ணி பாய்ஞ்சிட்டா காய் பிடிச்சிரும் மாப்ளே" என்றார். அதற்கு மேல் நான் தடுக்கவில்லை. கயிற்றின் ஒரு முனையை நானே பிடித்து இறக்கினேன்.

அதன் பிறகு மாமா இறங்கி இன்ஜினை ஓடவிட்டு மேலே ஏறி வந்தார். ஒரு மணி நேரம் கழித்துத் தண்ணீர் நின்றுபோனது. இன்ஜினை அணைக்க மறுபடியும் இறங்கினார். சிறிது நேரத்தில் சத்தம் நின்றது. நானும் தோட்டத்தில் இருந்த அக்காவும் கூப்பிட்டோம், பதில் இல்லை. எட்டிப் பார்த்தபோது இன்ஜின் மேல் தலை சாய்த்து, அசதியில் உட்கார்ந்தவர்போல இருந்தார்.

அதன் பிறகு நான் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினேன். பக்கத்துத் தோட்டக்காரரும் அக்காவும் கயிற்றைப் பிடித்தார்கள். நாற்பதடியில் எனக்குக் கண் இருட்டிக் கால் நழுவியது. "நீயாவது மேல வாடா" என்று அக்கா கத்தினாள். நான் ஏறிவிட்டேன். எனக்கும் மாமாவுக்கும் நடுவில் இருபதடிதான் இருந்தது. தீயணைப்புக்காரர்கள் முகமூடி போட்டு இறங்கி அவரை வெளியே கொண்டுவந்தபோது உயிர் இல்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வீட்டுக்கு வந்தது. முகத்தையாவது கழுவிவிட வேண்டும் என்றாள் அக்கா. வீட்டில் எல்லாக் குடமும் காலி. ஆலை வாசலில் தெருவுக்கென்று விட்டிருக்கும் குழாயில் நான் இரண்டு குடம் பிடித்து வந்தேன். அக்கா கையை விட்டு அள்ளிப் பார்த்து, "இவ்வளவு தெளிவா இருக்கே, எங்கடா பிடிச்ச?" என்றாள். குழாயில் என்று மட்டும் சொன்னேன்.

எனக்கு வேறு யார் மீதும் சந்தேகம் இல்லை. நான் சொன்னது சொன்னபடி எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார்கள். கூட்டியோ குறைத்தோ எதுவும் சொல்லவில்லை, நடந்தது இதுதான் என்று உறுதி கூறிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
போர்க்காரர்