லோவெலுக்காக ஒரு குளியலறை

நிலவறையில் குளியலறை கட்ட நினைக்கிறவர்கள் பெரும்பாலும் டைல்ஸ் கடையிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். அது தப்பு. வீட்டின் கழிவுக் குழாய் எந்த மட்டத்தில் வெளியே போகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அது நிலவறைத் தரையைவிட மூன்று அடி உயரத்தில் இருந்தது. ஆகவே தரையை உடைத்துக் குழி வெட்டி, கழிவை மேலே தள்ள ஒரு மோட்டார் வைக்க வேண்டியிருந்தது. இதையெல்லாம் நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்துவந்து நானே படித்துக்கொண்டேன். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூட அலுவலகத்தில் இருந்தவள் நான். ஒரு வேலையை எங்கே தொடங்குவது என்பது எனக்குத் தெரியும்.

என் வரைபடங்கள் உங்களிடம் இருக்கின்றன என்று நினைக்கிறேன். கட்டம் போட்ட தாள், பென்சில் கோடு, கட்டத்துக்கு ஆறு அங்குலம். முதல் தாளில் இருக்கும் ஜன்னல் இரண்டாவது தாளில் ஏன் இல்லை என்று கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் லோவெலைப் பற்றி முதலில் சொன்னால்தான் அது புரியும்.

லோவெல் என் தம்பி. என்னைவிட ஒன்பது வயது இளையவன். அம்மா போனபோது அவனுக்குப் பதினொன்று, எனக்கு இருபது. அதற்கு முன்பே அவனுக்கு எழுதக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். அவனுக்குச் சமைத்தது, அவன் சட்டைகளைத் தேய்த்தது எல்லாம் நான்தான். அவன் தானியக் கிடங்கில் வேலை பார்த்தான். மாலை ஐந்தரைக்கு வீட்டுக்கு வருவான். நாங்கள் இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதில் எங்கள் இருவருக்கும் குறையொன்றும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

போன செப்டம்பரில் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், உருளைக்கிழங்கு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னான்:

"ஆர்டி, நானும் யுவோனும் ஏப்ரல்ல கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம். அவ வீட்டுக்கே போயிடுறேன். உனக்கும் என் தொல்லை இல்லாம இருக்கும்."

"அம்பத்தெட்டு வயசுல," என்றேன்.

"அம்பத்தேழு. நவம்பர்லதான் அம்பத்தெட்டு. சின்னப் பையன் நான்," என்று சிரித்தான்.

யுவோன் கிளூவர் கடைத்தெருவில் முடி திருத்தும் கடை வைத்திருக்கிறாள். கணவனை இழந்தவள். நல்ல பெண்தான்; அவளைப் பற்றி யாரிடமும் நான் கெட்டதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. கொஞ்சம் சத்தமாகச் சிரிப்பாள்.

அக்டோபரில் கிடங்கின் ஏணியிலிருந்து விழுந்து லோவெல் இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டான். அதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம். ஏழு வாரம் மருத்துவமனையில் இருக்க வேண்டும் என்றார்கள். எங்கள் வீட்டில் ஒரே ஒரு குளியலறை, அதுவும் மாடியில். ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது.

கட்டிட வேலைக்கு டுவேன் ஸ்லெட்டனைக் கூப்பிட்டேன். பள்ளியில் படித்த காலத்தில் தினமும் தாமதமாக வந்து என்னிடம் சீட்டு வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போனவன். இன்றும் என்னைக் கண்டால் தொப்பியைக் கழற்றுவான்.

"மிஸ், கீழ எதுக்கு மிஸ்? சாப்பாட்டு ரூம் சும்மாதானே கிடக்கு. ஒரு தடுப்பு வெச்சா போதும், படியே ஏற வேண்டாம். இடுப்பு ஒடஞ்ச மனுஷன பாதாளத்துலயா எறக்குவாங்க?"

"அங்க எங்க அம்மாவோட மேசை இருக்கு, டுவேன்."

"மேசைய நகத்திடலாம் மிஸ்."

"நகத்த முடியாது," என்றேன். அவன் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினான்.

நான் போட்ட திட்டத்தில் நீங்கள் ஒரு குறை கண்டுபிடிக்க முடியாது. ஷவருக்கு வாசற்படி இல்லை. தரை ஒரே மட்டம், கால் இடறாது. சுவரில் ஓடு பதிப்பதற்கு முன்பே உள்ளே மரக்கட்டைகள் வைக்கச் சொன்னேன், பிடிமானக் கம்பிகள் ஆள் கனத்தைத் தாங்குவதற்காக. கதவு மூன்றடி அகலம், வெளிப்பக்கமாகத் திறக்கும். உள்ளே அவன் விழுந்துவிட்டாலும் திறந்து தூக்கிவிடலாம். தரைக்கு அடியில் சூடேற்றும் கம்பி. நார்த் டகோட்டா குளிரில் அவன் பாதம் சில்லிட்டுவிடக் கூடாது. தெருச் சாக்கடை பின்னோக்கி ஏறி வராமல் தடுக்க ஒரு அடைப்பானும் போட்டேன். ஓடு வெளிர் பச்சை, அவனுக்குப் பிடித்த நிறம்.

ஜன்னல் விஷயம் இதுதான். குளியலறையை ஒட்டி அவன் கட்டில் போட ஓர் அறை வரைந்திருந்தேன். "ஆள் படுக்குற ரூம்னா ஒருத்தர் வெளியேறுற அளவுக்கு ஜன்னல் வேணும் மிஸ். சட்டம் அப்படி," என்றான் டுவேன். ஆகவே முதல் தாளில் அதை வரைந்தேன். அன்று மாலை யுவோன் கேக் கொண்டுவந்தாள். அவள் கார் சரியாக அந்தச் சுவரை ஒட்டித்தான் நின்றது. நான் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இரண்டாவது தாளை எடுத்து, அந்த அறைக்குத் தையல் அறை என்று பெயர் எழுதினேன். தையல் அறைக்கு ஜன்னல் தேவையில்லை. மேலே இருந்த சின்னத் திறப்புகளையும் கண்ணாடிக் கற்கள் வைத்து அடைத்தோம். வெளிச்சம் வரும், குளிர் வராது. நகரசபை ஆய்வாளர் வந்து பார்த்து, "அருமையா பண்ணியிருக்கீங்க," என்று கையெழுத்துப் போட்டார். அவர் போன பிறகு அந்த அறையில் லோவெலின் கட்டிலைப் போட்டேன்.

நவம்பர் கடைசியில் இரண்டு பேர் லோவெலை நாற்காலியில் வைத்துக் கீழே இறக்கினார்கள். அவன் குளியலறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆர்டி, இது ஆஸ்பத்திரியா ஓட்டலா? இப்படி ஒரு கக்கூஸ் இருந்தா எவன் மேல வருவான்?" என்றான். எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

ஜனவரியில் வாக்கர் பிடித்து நன்றாக நடந்தான். பிப்ரவரியில் படி ஏறிப் பழகலாம் என்று டாக்டர் சொல்லி, பயிற்சி கொடுக்க ஒரு பெண்ணை அனுப்புவதாகச் சொன்னார். வேறு ஆள் ஏற்பாடு செய்துவிட்டோம் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டேன். நான் ஊருக்குள் போயிருக்கும்போது அவனாக ஏற முயன்று விழுந்துவிட்டால் என்ன செய்வது? அதனால்தான் நிலவறைப் படியின் உச்சியில் இருக்கும் கதவுக்குச் சமையலறைப் பக்கம் தாழ்ப்பாள் போட்டேன்.

யுவோன் வாரம் இரண்டு முறை வந்தாள். யாரையும் பார்க்க அவனுக்கு மனமில்லை என்றேன். ஒரு நாள் கடிதம் கொடுத்தாள். பதில் நான் எழுதினேன். அவன் கையெழுத்து என் கையெழுத்திலிருந்து வந்ததுதானே, சிரமமில்லை. கல்யாணம் வேண்டாம், இனி வர வேண்டாம் என்று கண்ணியமாகத்தான் எழுதியிருந்தேன். லோவெலிடம் அவள் வருவதை நிறுத்திவிட்டாள் என்று மட்டும் சொன்னேன். இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தான். பிறகு சாப்பிட்டான்.

மார்ச்சில் அவள் மறுபடி வந்தாள். வாசலில் நின்றுகொண்டே, "அவர் வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும் ஆர்டிஸ், நான் போயிடுறேன்," என்று உரக்க அழுதாள். சூடுகாற்றுக் குழாய் வழியாக அது கீழே கேட்டிருக்கிறது. அவள் போன பிறகு நான் காப்பி எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

"மேல யாரு?"

"ரேடியோ."

அவன் என்னை ரொம்ப நேரம் பார்த்தான். சின்ன வயதில்கூட அப்படிப் பார்த்ததில்லை.

"ஆர்டி, நீ கதவத் தாழ் போட்டுத்தான் வெச்சிருக்கியா?"

"காப்பி ஆறிடும்," என்றேன்.

அதன்பிறகு அவன் கேலி பேசுவதை விட்டுவிட்டான். நான் உணவைப் படியின் நடுவில் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

அந்தக் குளிர்காலம் எவ்வளவு பனி விழுந்தது என்று உங்களுக்கே தெரியும். ஏப்ரலில் ஆறு கரை புரண்டது. ஊரே மணல் மூட்டை அடுக்கியது. பதினெட்டாம் தேதி காலை கரை உடைந்து, அபாயச் சங்கு ஊதியது. கொஞ்ச நேரத்தில் மின்சாரமும் நின்றது. கீழேயிருந்து லோவெல் கத்தினான்: "ஆர்டி, தண்ணி வருது. கட்டில் கால் நனையுது. விளையாடாத, கதவத் திற."

திறக்கத்தான் போனேன். என் கை தாழ்ப்பாளில் இருந்தது. அப்போது வாசல் கதவைத் தட்டினார்கள்.

மீட்புப் பணிக்கு வந்த காவல் படையைச் சேர்ந்த ஒருவர், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். தெருவில் லாரி நின்றது. லாரியின் பின்பகுதியில், ஏறியிருந்தவர்களுக்குக் கம்பளி போர்த்திவிட்டுக்கொண்டிருந்தவள் யுவோன். என்னைப் பார்த்ததும் கையை அசைத்தாள். அவ்வளவு நடந்த பிறகும் அசைத்தாள்.

"சீக்கிரம் வாங்கம்மா. வீட்டுல வேற யாராவது இருக்காங்களா?"

லோவெலைக் கொண்டுவந்தால் அந்த லாரியில்தான் ஏற்றுவார்கள், அவள் பக்கத்தில். ஐந்து நிமிடம் பேசினால் போதும், எல்லாம் தெரிந்துவிடும்.

"இல்லை," என்றேன்.

கீழே எதையோ வைத்து இடிக்கும் சத்தம் கேட்டது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "அது என்ன?"

"தண்ணி ஏறுதுல்ல, குழாய் அப்படித்தான் இடிக்கும்."

லாரியில் யுவோன் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். "லோவெல் எங்க?" என்றாள். ஃபார்கோவில் உறவினர் வீட்டுக்கு முந்தைய நாளே போய்விட்டான் என்றேன். "நல்ல வேளை," என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சூடாக இருந்தது.

மூன்றாவது படிக்கு மேல் தண்ணீர் ஏறாது, சாயங்காலத்துக்குள் எப்படியாவது திரும்பி வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அது பொய். தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று வானொலியில் காலையிலேயே சொன்னார்கள். எண்களை நான் மறப்பவள் இல்லை. தெரிந்துதான் இல்லை என்றேன். முகாமில் ஆறு நாள் இருந்தேன். யாரிடம் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். முதல் நாள் படகு போய்க்கொண்டுதான் இருந்தது. நான் சூப் ஊற்றிக் கொடுக்கும் வரிசையில் உதவிக்கு நின்றேன்.

நீங்கள் கொண்டுவந்த புகைப்படத்தைப் பார்த்தேன். குளியலறை அப்படியே இருக்கிறது, ஓர் ஓடுகூடப் பெயரவில்லை. அவனைக் கண்டெடுத்தது சமையலறைக் கதவுக்குப் பின்னால், மேல் படியில் என்கிறீர்கள். மொத்தம் பதின்மூன்று படி. இடுப்பொடிந்த மனிதன், யார் துணையும் இல்லாமல், இருட்டில். என் கவனிப்பில் அவன் எவ்வளவு தேறியிருந்தான் என்பதை அந்த டாக்டரிடம் நீங்கள் அவசியம் சொல்ல வேண்டும்.