வளையத்தைத் திருப்பியது ஆர்

கனகசிங்கம்: ...கேக்கிறன், சொல்லன் சுலோ. இந்தக் குழலின்ட வளையத்த ஆர் திருப்பின?

சுலோஜனா: எந்தக் குழல்?

கனகசிங்கம்: இருட்டறையாக்கின இந்தக் குளியலறைக்குள்ள எத்தின குழல் கிடக்கு? நெகட்டிவப் பெருப்பிக்கிற என்லாஜருக்குக் கீழ வச்சு, படம் கூரா விழுதா எண்டு நான் கண்ண வச்சுப் பாக்கிற குழல்.

சுலோஜனா: நான் தொடல்ல. எலியாக்கும்.

கனகசிங்கம்: எலி வளையம் திருப்புமா?

சுலோஜனா: கல்லடி எலிக்கு என்னதான் தெரியாது...

கனகசிங்கம்: பகிடி விடாத. வளையம் என்ட கண்ணுக்கு வச்சது. நகப்பூச்சால கோடும் போட்டு வச்சிரிக்கன். இப்ப தடவினா கோடு அங்கால போய்க் கிடக்கு.

சுலோஜனா: தடவியா பாத்தீங்க? சிவப்பு லைட்டு எரியுதுதானே.

கனகசிங்கம்: ...பழக்கம்.

சுலோஜனா: ம்ம்.

கனகசிங்கம்: என்ன ம்ம்? இன்னொரு ஆள் கண்ண வச்சாத்தான் வளையம் மாறும். இந்த வீட்டில புருசன் பெஞ்சாதி ரெண்டே பேர். நான் இல்லையெண்டா...

சுலோஜனா: சரி, சரி. இந்தா, கோட்டுக்குக் கொண்டு வந்திட்டன். பாருங்க. பன்னிரண்டில கடைசிப் படம். இதுகளப் பிடிச்ச ஏறாவூர் ஸாஹிர் தம்பி பின்னேரம் வாங்க வந்திருவார். வெள்ளிக்கிழமை அவர்ர கண்காட்சி.

கனகசிங்கம்: தள்ளு... ஆ. பிலிமின்ட புள்ளியெல்லாம் குறுணி குறுணியாத் தெரியுது. இந்த மாங்கேணிப் படத்தில மீன் வலையின்ட ஒவ்வொரு கண்ணும் எண்ணலாம்.

சுலோஜனா: எண்ணுங்க.

கனகசிங்கம்: என்ன?

சுலோஜனா: எத்தின கண் எண்டு எண்ணுங்க.

கனகசிங்கம்: உனக்கென்ன விசரா? பேப்பர எடு.

சுலோஜனா: நான் என்லாஜர்ர கூராக்கிற குமிழ முழுக்கத் திருப்பி, படத்தக் கூழாக்கி வச்சிரிக்கன். கூழுக்குள்ள குறுணி எங்கால வந்த?

கனகசிங்கம்: எப்ப பிடிச்ச நீ?

சுலோஜனா: முதலாவது படத்திலயே. "சரி" எண்டிட்டுப் பேப்பர் எடுக்கத் திரும்பினீங்க. நான் குழலுக்குள்ள எட்டிப் பாத்தன். ஒண்டும் சரியில்ல. மெல்லமாக் குமிழத் திருத்திவிட்டன்.

கனகசிங்கம்: ரெண்டாவது?

சுலோஜனா: அதும்.

கனகசிங்கம்: வேற?

சுலோஜனா: பதினொண்டும்.

கனகசிங்கம்: அடி பாவி. ஸாஹிர் தம்பி வந்து, "அண்ணன், உங்கட கண்தான் கண்" எண்டு போனான்.

சுலோஜனா: நானும் கேட்டுக்கொண்டுதான் நிண்ட. அந்தக் கண்ணுக்குத் தேத்தண்ணியும் ஊத்தித் தந்த. கண்ணில புரை முத்திட்டு, தெரியல்ல எண்டு வாய் விட்டுச் சொன்னா என்ன?

கனகசிங்கம்: முப்பது வருசம் படம் போட்டவன் கண் தெரியல்ல எண்டா ஆர் வேல தருவான்? புரைய வெட்டிட்டு வந்தாச் சரிதானே. ஆஸ்பத்திரிக் காயிதம்தான் வருதில்ல.

சுலோஜனா: காயிதம் வந்த.

கனகசிங்கம்: எப்ப?

சுலோஜனா: போன கிழமை. அரிசி வாளிக்குள்ள கிடக்கு. நாளைக்குத்தான் திகதி. இண்டைக்கு இந்தக் கடைசிப் படத்தையும் நானே போட்டிட்டுச் சொல்லுவம் எண்டு... அந்தக் குறுணி பளிச்செண்டு எழும்பக்குள்ள வாற சந்தோசம் எனக்கு வேற ஒண்டிலயும் வந்ததில்ல. உங்களுக்குக் கண் தெளிஞ்சா நான் திரும்பவும் அடுப்படிதானே.

கனகசிங்கம்: அழுறியா?

சுலோஜனா: படம் கழுவுற மருந்து மணம்.

கனகசிங்கம்: நாளைக்கு நான் போகல்ல.

சுலோஜனா: என்ன கதை இது? காயிதத்த எடுத்துத் தாறன், போங்க.

கனகசிங்கம்: காயிதம் மட்டுமா வந்த? ஆஸ்பத்திரியில இருந்து போனும் எடுத்தவங்க. அடுத்த மாசம் வாறன் எண்டு சொல்லிட்டன்.

சுலோஜனா: ஏன்? பயமா?

கனகசிங்கம்: ஸாஹிர் தம்பி இன்னும் இருவது படம் தந்திரிக்கான். அதிலயும் இதிலயும், "படம் போட்டவர் சுலோஜனா" எண்டு எழுதச் சொல்லியிரிக்கன்.

சுலோஜனா: ...அப்ப நான் குமிழ் திருப்பினது உங்களுக்குத் தெரியுமா?

கனகசிங்கம்: தெரியாமலா ஒரு பேப்பர் எடுக்க அவ்வளவு நேரம் திரும்பி நிண்ட நான்?

சுலோஜனா: மறுகா ஏன் வளையத்துக்குச் சண்டை பிடிச்சீங்க?

கனகசிங்கம்: நீயா வாய் திறக்கிறியா எண்டு பாத்தன்.

சுலோஜனா: சரிதான். அதுக்கேன் திகதியத் தள்ளிப் போட்டீங்க? கண்ண வெட்டிட்டு வாங்க, ரெண்டு பேருமாச் செய்வம்.

கனகசிங்கம்: எனக்கு வடிவாக் கண் தெரிஞ்சா, அந்தக் குமிழில உன்னக் கை வைக்க விடுவன் எண்டா நினைக்கிற?